கண் என்னும் தராசு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நாங்கள் பேச வந்தால் குழந்தை வளர்ப்பைப் பற்றியோ வீட்டுச் சிக்கனத்தைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டும் அன்று. ஒரு பெண் பருத்திருக்கிறாளா, இளைத்திருக்கிறாளா என்று ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும் நம் வழக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நம்மவர்களுள் மூத்தோர், சென்னைச் சென்ட்ரல் நிலையத்தில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசுக்குக் காத்திருந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்து ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று நிற்கும். அதன்மேல் ஏறி நின்று காசு போட்டால் தடித்த சீட்டு ஒன்று வந்து விழும். அச்சீட்டில் நம் எடை இருக்கும். கூடவே நம் குணத்தையும் வருங்காலத்தையும் பற்றி ஒரு ஜோசிய வாசகமும் இருக்கும். எடைக்கும் விதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினோம். ஆனால் பெண்கள் திறத்தில் நம் சமுதாயம் அந்த இயந்திரமாகவே இருந்து வருகிறது. அவள் எடையைப் பார்க்கிறது; பார்த்த கணத்திலேயே அவள் குணத்தையும் எதிர்காலத்தையும் எழுதி நீட்டிவிடுகிறது. பருத்தவள் என்றால் சோம்பேறி, வாயைக் கட்டாதவள். மெலிந்தவள் என்றால் நோயாளி, பிள்ளை பெறத் தாங்காதவள். இரண்டுக்கும் நடுவே நிற்பவளுக்கோ, இப்படியே இருக்க வேண்டுமே என்ற கவலை.

நம் மொழியில் ஓர் அழகான விசாரிப்பு உண்டு. நெடுநாள் கழித்துச் சந்திப்பவரை நோக்கி, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். தோற்றத்தை அறிவதற்காகவா அப்படிக் கேட்கிறோம்? இல்லை. நலமாக இருக்கிறாயா, காய்ச்சல் தலைவலி இல்லையே, உண்கிறாயா, உறங்குகிறாயா என்ற பரிவெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிக் கிடக்கிறது. அதைக் கேட்டவர் விடைக்காகக் காத்திருப்பார். நம் அண்டை வீட்டு இந்திக்காரர்களும் நலத்தைக் குறிக்கும் 'ஸேஹத்' என்ற சொல்லைக் கொண்டே உடல் தேறியிருப்பதையும் சொல்கிறார்கள். நலமும் உடம்பும் ஒன்றாகவே பேசப்பட்ட காலம் உண்டு. இன்று நாம் கேட்பதில்லை, அறிவிக்கிறோம். "என்ன, இப்படிப் பூசினாற்போல் ஆகிவிட்டாய்!" "என்னடி, ஈர்க்குச்சியாய் இளைத்துவிட்டாயே!" விடையை எதிர்பார்த்து இவற்றைச் சொல்வதில்லை. தீர்ப்புச் சொன்னவர் போல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

இவ்வழக்கத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். எங்களிடையே நிகழ்ந்த ஒன்றையே சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் 12 பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள். நீங்கள் கைதட்டி மகிழ்ந்தீர்கள். இவ்வாண்டு ஆடப்போகிறவர்கள் 10 பேர். ஒருத்தி வரமாட்டேன் என்று விலகிக்கொண்டாள். கோலாட்டத்துக்கு இணை வேண்டுமாதலால், அவளோடு ஆடியவளும் உட்கார்ந்துவிட நேர்ந்தது. விலகியவள் பரீட்சை இருக்கிறது என்றாள், நாங்களும் நம்பினோம். உண்மை பின்னர் அவள் தாயின் வாயிலாகத்தான் தெரிந்தது. சென்ற ஆண்டு ஒத்திகையின்போது ஆடைக்குத் துணி அளந்துகொண்டிருந்தோம். அப்போது, "இவளுக்கு மட்டும் அரை மீட்டர் கூட வேண்டுமே" என்று ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். விழா முடிந்த மறுநாள் முதல் அவள் இரவு உணவை நிறுத்திவிட்டாள். பிறகு காலை உணவையும் நிறுத்தினாள்.

இதைவிட வருந்தத்தக்கது அதற்குப் பின் நடந்தது. அவள் மெலிந்து வந்த அந்த மாதங்களில், கோயிலிலும் கடைத்தெருவிலும் அவளைக் கண்ட நாங்கள், "இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய்" என்று மெச்சினோம். அவள் முகம் வெளுத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் கல்லூரிப் பேருந்துக்காக நின்றவள் மயங்கி விழுந்தாள். இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம் என்று தெரிந்தது. வயது வந்த பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். துணி அளந்த அன்று ஒலித்த அந்தக் குரல் யாருடையது என்று கேட்க வேண்டா. மாதர் பகுதியின் குரல்தான் அது. எங்களுடைய குரல்தான் அது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நம் குடியிருப்பிலுள்ள மாமி ஒருவர் இரண்டு ஆண்டுகளாகக் களைப்பாக இருக்கிறது, கால் வீங்குகிறது என்று சொல்லிவந்தார். "நெய்யைக் குறையுங்கள், மாமி, பகல் தூக்கத்தை விடுங்கள்" என்று ஆளுக்கொரு புத்தி சொன்னோம். அவர் சென்ற மருத்துவமனையிலும் முதலில் எடையைக் குறைக்கச் சொல்லியே அனுப்பிவிட்டார்கள். பின்னர் அவருடைய மகள் பிடிவாதமாக அழைத்துச் சென்று சோதிக்கச் செய்தபோது தைராய்டு சுரப்பி குன்றியிருப்பது தெரிந்தது. அவர் நோயால் பருத்தார். நாமோ அவர் பருத்ததால்தான் நோய் என்றோம். மெலிந்தவள் நோயுற்றபோது அழகு என்றோம். பருத்தவர் நோயுற்றபோது சோம்பல் என்றோம். கண் என்னும் தராசுக்குச் சதை மட்டுமே தெரியும். இரத்தத்தை நிறுக்க அதற்குத் தெரியாது.

இத்தராசு நம் கைக்கு எப்படி வந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. அத்தகைய பஞ்சங்களைக் கண்டவர்களுக்கு, உடம்பில் சிறிது சதை இருப்பது வீட்டில் நெல் இருப்பதன் அடையாளம். மருமகள் மெலிந்தால் மாமியார் வீட்டுக்கு இழுக்கு. மற்றொரு புறம், நம் புலவர்கள் பெண்ணின் இடையைக் கொடி என்றும் துடி என்றும் மின்னல் என்றும் பாடி, இல்லாத இடையே நல்ல இடை என்னும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே, உண்டு செழித்தவளாகவும் இருக்க வேண்டும், இடை இல்லாதவளாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே பெண்ணிடம் இரண்டையும் எதிர்பார்த்த சமுதாயம் நம்முடையது.

பின்னர் எண்கள் வந்தன. பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் அடால்ப் கெத்தலே, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மனிதரின் எடை அவருடைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று கண்டார். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதே அவர் நோக்கம். தனி ஒருவரின் நோயைக் கண்டறிவது அன்று. அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, தன்னிடம் பாலிசி எடுத்தவர்களின் கணக்கைக் கொண்டு, 1942-43-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் உகந்த எடை இவ்வளவு என்று அட்டவணை வெளியிட்டது. 1959-இல் அதைத் திருத்தியமைத்தது. 1972-இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் கெத்தலேயின் கணக்குக்கு 'உடல் நிறைக் குறியீடு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் ஆண்கள் மட்டுமே. இன்று உலகெங்கும் பெண்கள் தங்களைத் தாங்களே நொந்துகொள்வதற்குக் காரணமாக இருக்கும் எண், ஆண்களின் உடம்பை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆயினும் அந்த எண்ணை அடியோடு தள்ளிவிடுமாறு நாங்கள் சொல்லவில்லை. உண்மையை மறைப்பது பரிவு ஆகாது. இந்தியர்களின் உடம்பில் குறைந்த எடையிலேயே கொழுப்பு மிகுதியாகச் சேர்கிறது. அதுவும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. ஆகையால் ஆசிய மக்களுக்கு இக்குறியீடு 23-ஐ எட்டும்போதே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் எடுத்துரைத்தது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 55 கிலோ. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டாதிருப்பது நலம் என்பர் மருத்துவர். நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. ஆகவே எடை மருத்துவர் கவனிக்க வேண்டிய செய்திதான். அதை அண்டை வீட்டார் தீர்ப்பாக்குவதுதான் கூடாது என்கிறோம்.

அரசாங்கத்தின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன் கணக்கைச் சற்றே நோக்குங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 24 பேர் எடை மிகுந்தவர்கள். ஏறத்தாழ 19 பேர் எடை குறைந்தவர்கள். இரத்தசோகை உடையவர்களோ 57 பேர்! தமிழ்நாட்டில் எடை மிகுந்த பெண்கள் 100-க்கு 40 பேர். நாம் வாழும் டில்லியில் 41 பேர். ஊர் மாறினாலும் நிலை மாறவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், டில்லிப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பருமனைப் பற்றி ஓயாது பேசுகிறோம்; அதைவிட மிகுதியாகப் பரவியிருக்கும் இரத்தசோகையைப் பற்றி எந்தத் திருமண வீட்டிலாவது யாராவது ஒரு சொல் கேட்டதுண்டா?

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எடை மிகுந்த ஆண்கள் 100-க்கு ஏறத்தாழ 23 பேர். பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேற்றுமை ஒன்றே. எனினும் ஆணின் தொந்திக்கு உத்தியோகத்தின் களை என்று பெயர். பெண்ணுக்கு அதே சதை வந்தால் கட்டுப்பாடு இல்லாமை என்று பெயர். அவையில் அமர்ந்திருக்கும் ஐயாமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டா. உங்கள் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். மருத்துவருக்காகத்தான், எங்களுக்காக அன்று.

பெண்ணின் உடம்பு அவள் ஒருத்தியின் செயல் அன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமின்றி அவ்வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம் என்றும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம் என்றும் 2024-இல் அரசாங்கம் எடுத்த கணக்குச் சொல்கிறது. எல்லோரும் உண்டபின் உண்பவள் அவள். பாத்திரத்தில் எஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் வயிற்றில் இட்டுக்கொள்பவளும் அவளே. பருப்பும் காய்கறியும் முன்னால் உண்டவர் இலைக்குப் போக, அவளுக்கு எஞ்சுவது சோறும் குழம்பும். மாலையில் பூங்காவில் நடக்கலாம் என்றால் அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி செய்ய வேண்டும். டில்லியின் குளிர்காலத்தில் பொழுது விடியும் முன்போ சாய்ந்த பின்போ தனியே நடக்க அவளுக்கு அச்சம். அவள் உடம்பை இப்படி ஆக்கியது நம் வீட்டின் ஒழுங்கு. பழி மட்டும் அவளுக்கு!

பழியோடு போவதுமில்லை. திருமணத்துக்கு அனுப்பும் குறிப்பில் நட்சத்திரம், கோத்திரம், படிப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடி உயரமும் எடையும் எழுதுகிறோம். மணமகள் மெலிந்த உடலினளாக இருக்க வேண்டும் என்று காசு கொடுத்து விளம்பரம் செய்கிறோம். பணியிடங்களிலும் இக்கண் விட்டபாடில்லை. விமானப் பணிப்பெண்கள் முதல் முறை கருவுற்றதும் வேலையை இழக்க வேண்டும் என்றிருந்த விதியை 1981-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் எடை பற்றிய விதி அதற்குப் பின்னும் நெடுநாள் நிலைத்தது; எடை மிகுந்தது என்ற காரணத்தால் 2009-இல் ஏர் இந்தியாவில் பணிப்பெண்கள் சிலர் வேலை இழந்தனர். ரயில் நிலையத்துச் சீட்டில் எடையோடு விதியும் இருந்தது என்றோமே, அது வேடிக்கை அன்று என்பது இப்போது விளங்கும்.

நம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் போற்றப்படும் இரு பெண்மணிகளை இங்கு நினைவுகூர்வோம். காரைக்கால் அம்மையார், கணவன் தம்மைத் தெய்வமென வணங்கி விலகியபின், அவனுக்காகத் தாங்கியிருந்த தசையும் அழகும் தமக்கு வேண்டா என்று இறைவனிடம் இரந்து பேயுருக் கொண்டார் என்கிறது பெரியபுராணம். எலும்பும் நரம்புமாய், கையில் தாளத்தோடு பாடி அமர்ந்திருக்கும் அவருடைய செப்புத் திருமேனிகளை நாம் கண்டிருக்கிறோம். இறைவனே அவரை 'அம்மையே' என்று அழைத்தான் என்பது மரபு. அவ்வையாரும் மணவாழ்வு வேண்டாமல் இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்று கதை வழங்குகிறது. அக்கதைகளின் பெருமையைப் பேசும் நாம் அவற்றில் உள்ள துயரத்தையும் உணர வேண்டும். ஒரு பெண் தன் விருப்பம்போல் பாடவும், ஊர் ஊராய் நடக்கவும், மன்னர் அவையில் பேசவும் வேண்டுமானால், முதலில் தன் உடம்பைப் பிறர் கண்ணிலிருந்து விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தெய்வ அருளால் விடுவித்துக்கொண்டார்கள். நம் பெண்களுக்கு அத்தகைய அற்புதம் வேண்டியதில்லை. நாம் பார்வையை மாற்றிக்கொண்டால் போதும்.

ஆகவே இவ்வாண்டு மாதர் பகுதியினராகிய நாங்கள் மூன்று செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். உங்களையும் உடன் அழைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் எந்த நிகழ்ச்சியிலும் ஒருவர் உடம்பைப் பற்றி அவர் கேளாமல் நாங்கள் பேச மாட்டோம். பழித்தும் பேச மாட்டோம், புகழ்ந்தும் பேச மாட்டோம். பழிப்பு உண்ணாமல் இருக்கச் சொல்கிறது. புகழ்ச்சியோ, தொடர்ந்து உண்ணாமல் இரு என்று சொல்கிறது. இரண்டும் செய்யும் தீங்கை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை நம் குடியிருப்பிலேயே இரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்வோம். பருத்தவர், மெலிந்தவர், ஆண், பெண் எல்லோரும் வரலாம். எடையும் பார்க்கப்படும், ஆனால் அது மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்கும்.

மூன்றாவது, மாலையில் ஒரு மணி நேரம் பெண்கள் சேர்ந்து நடப்பதற்கு வழி செய்வோம். இளைப்பதற்காக அன்று, கால் வீசி நடக்கும் இன்பத்துக்காக. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆடவர் ஏற்க வேண்டும். இதற்கு மட்டும் கைதட்டல் போதாது; சம்மதம் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இன்று கோலாட்டத்தில் இல்லாத அந்தப் பெண் இந்த அவையில் எங்கோ அமர்ந்திருக்கிறாள். அவள் யார் என்று யாரும் திரும்பித் தேட வேண்டா. தேடினால் மறுபடியும் அவளைத் தராசில் ஏற்றியவர்கள் ஆவோம். அவள் இப்போது வேளைக்கு உண்கிறாள்; தேறி வருகிறாள் என்று அவள் தாய் சொன்னார். அம்மா, உன்னிடம் நாங்கள் இந்த மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டும் கோலாட்டம் உண்டு. உனக்கு வேண்டிய அளவு துணி எடுப்போம். வருவதும் வராமல் இருப்பதும் உன் விருப்பம். வந்தாலும் வராவிட்டாலும் உன்னைக் காணும்போது நாங்கள் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா?" அதைக் கேட்டுவிட்டு நீ சொல்லும் விடைக்காக நாங்கள் நிற்போம்.